பைலிண்ட்: பெயர்களைச் சரிபார்க்கும் கருவி, ஒரு மதிப்புரை

வேலூர் சத்துவாச்சாரியில் இயங்கும் எங்கள் சிறிய அலுவலகத்தில், ஆம்பூர், பேரணாம்பட்டுத் தோல் வியாபாரிகளுக்கான இருப்புக் கணக்கு மென்பொருளைப் பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதுகிறோம். அந்த வேலையில் அன்றாடம் கைகொடுக்கும், நிரலைப் படித்துக் குறைகளைச் சுட்டும் பைலிண்ட் என்ற இலவசக் கருவி, மதிப்புகளைத் தாங்கும் மாறிகளுக்கும் ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதிகளான மெத்தடுகளுக்கும் பெயரிடும் விஷயத்தில் எவ்வளவு உதவுகிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பைத்தானுக்கென 2001இல் எழுதப்பட்ட பெப் 8 என்னும் நடைக் கையேடு, மாறி, ஃபங்ஷன், மெத்தட் ஆகியவற்றின் பெயர்களைச் சிறிய எழுத்தில் எழுதிச் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு இட வேண்டும் என்றும், தரவையும் மெத்தடுகளையும் ஒன்றாகக் கட்டும் கிளாஸின் பெயரில் ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்றும், மாறாத மதிப்புகளான மாறிலிகளின் பெயர்கள் முழுவதும் பெரிய எழுத்திலேயே இருக்க வேண்டும் என்றும் வகுத்திருக்கிறது. பைலிண்ட் இவற்றையே இயல்பான அமைப்பாக வைத்துக்கொண்டு, மீறிய இடத்தை வரி எண்ணோடு சி0103 என்ற குறியீட்டில் காட்டுகிறது. ஜாவா என்னும் வேறு நிரல்மொழியில் பழகியவர்கள் கை வழக்கத்தில் கேமல் கேஸாக, அதாவது அடிக்கோடு இல்லாமல் இரண்டாம் சொல் முதல் பெரிய எழுத்தில் தொடங்கி, எழுதிவிடும் மெத்தட் பெயர்கள் முதல் ஓட்டத்திலேயே அகப்பட்டுவிடுவதால், அதைப் பற்றி யாரும் யாரிடமும் வாதாட வேண்டியிருப்பதில்லை. நிரலாளர்கள் எடுத்துக்காட்டுக்காகப் போடும் ஃபூ, பார், பாஸ் போன்ற பொருளற்ற வெற்றுப் பெயர்களும் அதன் தடைப் பட்டியலில் இருக்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் அதே இடத்தில் எழுதும் டோட்டோ, டூட்டூ, டாட்டாவும் உடன் இருக்கின்றன, ஏனெனில் இக்கருவி பிரான்ஸில் உருவானது.

எனினும் அது பார்ப்பது பெயரின் உருவத்தைத்தான், பொருளை அன்று. தோல் வியாபாரத்தில் ஆட்டுத் தோலை உருப்படிக் கணக்கில் வாங்கி, பதனிட்டபின் சதுர அடிக் கணக்கில் விற்பது உண்டு. இவ்விரண்டு அளவுகளுக்கும் க்யூட்டி_1, க்யூட்டி_2 (அளவு 1, அளவு 2) என்று பெயர் வைத்து, உருப்படி எண்ணிக்கையைச் சதுர அடி விலையால் பெருக்கி ஒரு வரி எழுதினாலும் பைலிண்ட் வாய் திறக்காது. எழுத்தும் அடிக்கோடும் விதிப்படி இருப்பதால் 10க்கு 10 மதிப்பெண்கூடக் கொடுத்துவிடும். பீஸ்_கவுண்ட், ஏரியா_சதுரஅடி என்று அலகு தெரியும்படி பெயர் வைத்திருந்தால், அந்த வரியைப் படிக்கும் எவருக்கும் பிழை உடனே கண்ணில் படும். இந்தக் காவலைச் சக ஊழியரின் மறுவாசிப்புதான் தர முடியும். கருவியை நம்பி அதைக் கைவிடுவது பெருந்தவறு என்பது என் உறுதியான கருத்து.

பைத்தான் 3இல் தமிழ் எழுத்திலேயே மாறிக்குப் பெயர் வைக்கலாம், ஆனால் பைலிண்ட் அதற்குத் தனி எச்சரிக்கை தருகிறது. தமிழில் நிரலாக்கம் கற்றுக்கொடுப்பவர்கள் அமைப்புக் கோப்பில் அதை அணைத்துவிடலாம்.

பழைய நிரலின் மேல் முழுச் சோதனையையும் ஒரே நாளில் ஓட்டினால் எச்சரிக்கைகள் குவிந்து வேலையே நின்றுபோகும். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, முன்பு சொன்ன சி0103 சோதனையான இன்வேலிட்-நேம் என்ற ஒன்றை மட்டும் இயக்கி, ஒவ்வொரு கோப்பாகத் திருத்துவதையே பரிந்துரைக்கிறேன்.