மீட்டிங் ரூம் கேமராவும் மைக்கும்: ஆள் கணக்கைவிட அடிக் கணக்கு முக்கியம்

லாஜிடெக்கின் வீடியோ மீட்டிங் கருவிகளான மீட்அப், ராலி பார், ராலி பிளஸ் மூன்றும் சிறிய அறை, நடுத்தர அறை, பெரிய அறை என்று பிரித்துத்தான் தயாரிக்கப்பட்டவை. கடைக்குப் போனால் “எத்தனை பேர் உட்காருவீங்க சார்?” என்றுதான் முதலில் கேட்பார்கள். டிவி மாட்டும் சுவரிலிருந்து கடைசி நாற்காலி எத்தனை அடி என்பதை நாம் அளந்துகொண்டு போவது நல்லது. மைக்கை முடிவு செய்வது அந்தத் தூரம்தான். படம் கொஞ்சம் மங்கினால் எதிர்முனையில் இருப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் சீக்கிரமே கவனத்தை விட்டுவிடுவார்.

மீட்அப்பின் சொந்த மைக் எட்டும் தூரம் 2.4 மீட்டர், அதாவது 8 அடி. நம் ஊர் ஆபீஸ்களில் 10-க்கு 12 அடி அறை சகஜம். டிவியைச் சின்னச் சுவரில் மாட்டினால் கடைசி நாற்காலி 10 அடிக்குப் போய்விடும், அங்கிருப்பவர் குரல் தேயும். அதே டிவியை 12 அடிச் சுவரில் மாட்டி, டேபிளை அதற்கு இணையாகப் போட்டால் எல்லோரும் 8 அடிக்குள் வந்துவிடுவார்கள். கூடுதல் மைக் வாங்கும் செலவு மிச்சம். அப்படிப் போட முடியாத அறை என்றால் எக்ஸ்பான்ஷன் மைக் வாங்கித்தான் ஆக வேண்டும். அதோடு 14 அடி வரை எட்டும்.

டேபிளை இணையாகப் போட்டால் ஓரத்தில் இருப்பவர்கள் படத்தில் விழுவார்களா? மீட்அப்பில் விழுவார்கள். பெட்டியில் போட்டிருக்கும் 120 டிகிரி மூலைக்கு மூலை அளந்தது. பக்கவாட்டில் 113 டிகிரிதான். அதுவே 4 அடி தூரத்தில் சுமார் 12 அடி அகலத்தைக் காட்டும், சின்ன அறைக்குத் தாராளம். ஆனால் இதே அகலக் கோணம் நீள அறையில் காலை வாரிவிடும். 20 அடி தூரத்தில் அது 60 அடி அகலத்தைப் பிடிக்கும். அங்கே அரை அடி அகல முகம் ஃபுல் எச்டி படத்தில் வெறும் 16 பிக்சல். ஐந்து மடங்கு ஸூம் உண்டு என்றாலும் அது டிஜிட்டல் ஸூம், இருக்கும் பிக்சலைத்தான் பெரிதாக்கும்.

12-க்கு 20 அடி அறைக்கு ராலி பாரைத் தயங்காமல் சொல்லலாம். மைக் 15 அடி எட்டும், லென்ஸே படத்தை நெருக்கிக் காட்டும் ஐந்து மடங்கு ஆப்டிகல் ஸூம் உண்டு. கடைசி வரிசை முகம் தெளிவாகத் தெரிய அந்த ஸூம்தான் காரணம். இதன் கேமராக் கோணம் மூலைக்கு மூலை 90, பக்கவாட்டில் 82 டிகிரி. 4 அடியில் 7 அடி அகலம்தான் தெரியும். டேபிளை டிவிக்கு நெருக்கிப் போட்டால் முதல் நாற்காலிகளில் இருப்பவர்களின் தோள் வெட்டுப்படும். முதல் நாற்காலிக்கு 5 அடியாவது விடுங்கள். டேபிளின் பின்பாதியில் ஒரு மைக் பாட் (டேபிளில் வைக்கும் தனி மைக்) வைத்தால் கடைசி ஆள் குரலும் முன்னால் இருப்பவர் குரலும் ஒரே அளவில் கேட்கும்.

20-க்கு 30 அடி ஹாலுக்கு ஒற்றைப் பெட்டி போதாது. ராலி பிளஸ்ஸில் கேமரா, இரண்டு ஸ்பீக்கர், இரண்டு மைக் பாட் தனித்தனியாக வருகின்றன. மைக் பாட்களை ஏழு வரை கூட்டலாம். சீலிங்கில் பதிக்கும் சென்ஹைசர் டீம்கனெக்ட் போன்ற மைக்குகள் பார்க்க அழகு, டேபிளில் ஒயரே இருக்காது. ஆனால் சீலிங் ஃபேன் ஓடும் ஹாலில் அவற்றை மாட்டாதீர்கள். ஃபேனுக்கும் மைக்குக்கும் நடுவே சில அடிதான் இருக்கும், காற்றிரைச்சல்தான் முதலில் பதிவாகும். ஃபால்ஸ் சீலிங்கும் சென்ட்ரல் ஏசியும் உள்ள இடத்துக்கே அவை சரி.

இனி, எல்லா அளவு அறையிலும் வரும் தொல்லை: எக்கோ. டிவி ஸ்பீக்கர் பெரிதாக இருக்கிறதே என்று லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ வழியாகச் சத்தத்தை டிவிக்கு அனுப்பிவிடுவார்கள். தன் ஸ்பீக்கரில் என்ன ஒலிக்கிறது என்று தெரிந்தால்தான் மீட்அப், ராலி போன்ற மீட்டிங் கருவியால் அதை மைக்கிலிருந்து கழிக்க முடியும். டிவி தன் பங்குக்குத் தாமதத்தையும் சேர்ப்பதால் கழித்தல் தப்பிப்போய், எதிர்முனைக்காரருக்குத் தன் குரலே திரும்பிக் கேட்கும். ஸூம், டீம்ஸ் போன்ற மீட்டிங் ஆப்பின் ஆடியோ செட்டிங்கில் மைக், ஸ்பீக்கர் இரண்டுக்கும் அந்தக் கருவியையே தேர்ந்தெடுங்கள். அறைக்குள் வேறு லேப்டாப்பில் சேர்ந்தவர் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அணைத்திருக்க வேண்டும்.

அடுத்து கேபிள். சாதாரண யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டருக்கு மேல் நம்பத் தகுந்ததல்ல. இரண்டு கேபிளை எக்ஸ்டென்ஷனால் சேர்த்துச் சுவருக்குள் ஓட்டிவிட்டு, கேமரா அடிக்கடி விட்டுப்போகிறது என்று கருவியைக் குறை சொல்வது எங்கும் நடக்கிறது. நீளம் வேண்டுமென்றால் சிக்னலைப் பலப்படுத்தி அனுப்பும் ஆக்டிவ் கேபிள் போடுங்கள், பூசுவதற்கு முன் பைப்பில் ஒரு இழுநூலையும் விட்டு வையுங்கள். நெட்டுக்கு வைஃபை வேண்டாம், லேன் ஒயர் இழுங்கள். ஸூம் ஆப்பில் ஃபுல் எச்டி படம் அனுப்ப 3.8 எம்பிபிஎஸ் அப்லோட் வேண்டும்.

கேமராவின் உயரம் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டம், தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடி. டிவிக்கு மேலே மாட்டினால் எதிர்முனைக்குத் தலை உச்சிதான் தெரியும். டிவிக்குக் கீழே மாட்ட இடம் விட்டு பிராக்கெட்டை அடியுங்கள்.

டைல்ஸ் தரை, கண்ணாடிச் சுவர், வெறும் சீலிங் சேர்ந்தால் எந்த மைக்கும் திணறும். ஒரு கைதட்டல் தட்டிப் பாருங்கள். கணீரென்று இழுத்தால், அடுத்த மாடலுக்குப் போகும் காசில் கார்ப்பெட்டும் கனமான திரைச்சீலையும் போடுவது அதிகப் பலன் தரும்.

பணம் கொடுக்கும் முன் டெமோ கருவியை உங்கள் அறைக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். ஏசி, ஃபேன் இரண்டையும் ஓடவிட்டு, கடைசி நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து ஒரு இன்வாய்ஸில் உள்ள எண்களைச் சாதாரணக் குரலில் வாசிக்கட்டும். எதிர்முனையில் ஒருவர் அவற்றை எழுதட்டும். 15, 50 (ஃபிஃப்டீன், ஃபிஃப்டி) போன்ற எண்கள் மாறி விழுந்தால் அந்த அறைக்கு அந்த மைக் போதாது.