புனரமைப்பா, மீள்கட்டுமானமா?

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு நினைவுக்கல் பதிக்கும்போது இந்தக் கேள்வி எழுந்தது. இரண்டு கூட்டங்கள் இதிலேயே கழிந்தன. நான் ‘மீள்’ பக்கம் நின்றேன். இன்றும் அங்கேதான் நிற்கிறேன்.

புனர் வடசொல், மீள் தமிழ்ச்சொல் என்ற வாதத்தை நான் எடுக்கவில்லை. புனர்வாழ்வு என்று சொல்லிப் பழகிய எமக்குப் புனரமைப்பு அந்நியமல்ல. ‘திருத்தம்’ சைக்கிளுக்கும் பொருந்துவதால் உடனே விலகியது. ‘சீரமைப்பு’ தமிழ்நாட்டில் அதிகம் புழங்குவதாகத் தெரிகிறது. அங்குள்ள வழக்கைப் பத்திரிகைகள் வழியாக மட்டுமே அறிவேன்.

புனரமைப்பில் எனக்குத் தடையாக நின்றது அதன் அகலம். வீதிக்குத் தார் ஊற்றினாலும் புனரமைப்பு, குளக்கட்டை உயர்த்தினாலும் புனரமைப்பு, சங்கத்தின் நிர்வாகசபையை மாற்றினாலும் புனரமைப்பு. முன்பிருந்தது நின்றதா விழுந்ததா என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. 1990 இல் இடம்பெயர்ந்த நாங்கள் திரும்பி வந்தபோது நிலையத்தில் எஞ்சியிருந்தவை அத்திவாரமும் மூன்று படிகளும். ‘புனரமைக்கப்பட்டது’ என்று பொறித்தால், வெள்ளையடித்து ஓடு மாற்றினார்கள் என்றே பேரப்பிள்ளைகள் நினைப்பார்கள். ‘மீளக் கட்டப்பட்டது’ என்று வாசிக்கும் பிள்ளை, பழையது என்னவாயிற்று என்று வீட்டில் கேட்கும். எங்கள் பெரியவர்கள் பேச்சில் சொல்வதும் ‘திருப்பிக் கட்டினோம்’ என்றுதான்.

1990 இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் 2014 இல் திரும்பி வந்ததே, தண்டவாளமே இல்லாத தரையில் பாதை இட்ட அந்த வேலையும் மீள்கட்டுமானந்தான். 1981 இல் எரிக்கப்பட்ட பொது நூலகத்தின் கட்டடத்தைப் பழைய தோற்றத்தில் எழுப்பியதற்குப் புனரமைப்பு என்பது தகும். அங்கே சாம்பலான ஏறத்தாழ 97,000 நூல்களுக்கு இரண்டு சொல்லுமே உதவாது.

மீள்கட்டுமானம் என்ற பெயர்ச்சொல்லில் திட்ட அறிக்கையின் வாடை உண்டு என்று ஒருவர் சொன்னார். அது நியாயமான குறை. அதனால் வினையாகவே எழுதினோம்: ‘பழைய அத்திவாரத்தின் மீது ஊரவரால் மீளக் கட்டப்பட்டது.’ முற்றத்துக் கிணறு இடியவில்லை. சேறு அள்ளி, கட்டைப் பூசினோம், அவ்வளவே. அதன் கல்லில் ‘புனரமைப்பு’ என்றே பொறித்திருக்கிறோம்.