ப்ளீச்சா, பெரொக்சைட்டா, வெறும் தண்ணீரா? பழைய பீங்கானைக் கழுவும் முன்

நுவரெலியாப் பக்கம் பழைய துரை பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தால், உள்ளே தேத்தண்ணிக் கறை ஏறிய ஒரு டீபொட்டாவது அதில் இருக்கும். அப்படி வாங்கிய ஒன்றை நான் ப்ளீச்சில் ஊறப்போட்டேன். மறுநாள் பளிச்சென்ற வெள்ளை. சில மாதங்களில் கண்ணாடி போன்ற மேல்பூச்சு செதில் செதிலாக உரியத் தொடங்கியது. ஆகவே இந்த அலசலில் நான் நடுநிலையாளன் இல்லை.

முதலில் பாத்திரத்தைக் கவிழ்த்து, அடிவளையத்தில் பூச்சில்லாத இடத்தில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். உறிஞ்சிக்கொண்டால் அது நுண்துளை உள்ள மண் பாண்டம். துளி அப்படியே நின்றால், பெரும்பாலும் 1,200 பாகை செல்சியசுக்கு மேல் சுட்ட பீங்கான். மாத்தளையில் செய்யும் நொரிட்டாக்கே கோப்பைகள் இந்த வகை. எந்தப் போத்தலைத் திறக்கலாம் என்பதை அந்தத் துளிதான் சொல்லும்.

ப்ளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். கறையை வெளுத்த பிறகு அது உப்பாக மிஞ்சும். பூச்சில் மயிரிழை வெடிப்புகள் இருந்தால் அந்த உப்பு உள்மண்ணுக்குள் இறங்கி, காயும்போது பளிங்காக வளர்ந்து பூச்சை வெளியே தள்ளும். நம் ஊர்ப் பனிமூட்டத்தில் அது ஈரம் இழுப்பதும் மீண்டும் காய்வதுமாகவே இருக்கும். என் டீபொட்டுக்கு நடந்தது அதுதான்.

பாமசியில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் வெளுக்கும்தான். ஆனால் அது தண்ணீராகவும் ஒட்சிசனாகவும் பிரிந்துபோவதால் உப்பு தங்காது. 3 சதவீதக் கரைசல் போதும். கடையில் 6 சதவீதம்தான் இருந்தால் சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். பாத்திரத்தைச் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்துவிட்டு, கரைசலில் நனைத்த பஞ்சைக் கறைமேல் வைத்து, பொலித்தீனால் மூடிச் சில மணி நேரம் விடவேண்டும். ஒரே நாளில் போகாது. நாலைந்து தடவை பஞ்சு மாற்றவேண்டி வரும். பொன் விளிம்பு, பழைய ஒட்டு, உலோகக் கம்பி போட்டுத் தைத்த உடைசல் உள்ளவற்றில் இதைத் தொடவே வேண்டாம்.

அம்மாமார் சாம்பலும் தும்பும் தேசிக்காயும் வைத்துத் தேய்ப்பார்கள். அலுமினியச் சட்டிக்குச் சரி. சேகரிப்புப் பாத்திரத்தில் சாம்பல் கீறிவிடும். தேசிக்காயும் வினாகிரியும் அமிலம். சுட்ட பூச்சின் மேலே தீட்டிய வண்ணத்தை மங்கவைக்கும், பழைய ஈயப் பூச்சிலிருந்து ஈயத்தை இளக்கும். அப்பச்சோடாக் கூழ் இவற்றைவிடச் சாது. வெறும் வெள்ளைப் பீங்கான் கோப்பையின் உட்புறத்துக்கு நானே அதைத்தான் பாவிக்கிறேன்.

மற்றதெல்லாம் தண்ணீருக்கே. பிளாஸ்டிக் பேசினின் அடியில் துவாயை விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சவர்க்காரத் திரவம் விட்டு, மெல்லிய தூரிகையால் கழுவினால் பாதி அழுக்கு அங்கேயே போய்விடும். மீதிக்கு எச்சில்! சிரிக்கவேண்டாம், அருங்காட்சியகப் பாதுகாப்பாளர்களே பஞ்சுக் குச்சியில் எச்சில் தொட்டுத் துடைப்பதுண்டு. அதிலுள்ள அமைலேஸ் நொதியம் அழுக்கை இளக்கும். பூச்சே இல்லாத மண் முட்டிக்கும், சுட்ட பிறகு வண்ணம் தீட்டி மறுபடி சுடாமல் விட்டதற்கும் தண்ணீர்கூட வேண்டாம். காய்ந்த தூரிகை மட்டும்.

கழுவுவதைவிட உலர்த்துவதுதான் இங்கே பெரும் பாடு. மழைக்காலத்தில் ஹற்றனில் வெளியே காய்ந்ததுபோலத் தெரியும் மண் பாண்டம், உள்ளே ஒரு வாரம்கூட ஈரமாக இருக்கும். அப்படியே அலுமாரியில் வைத்தால் பூஞ்சணம்தான். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற மாதிரி, கம்பி வலைமேல் கவிழ்த்து அடியிலும் காற்றுப் போகவிடுங்கள். சூடு வேண்டாம். அவசரப்பட்டு அடுப்போரம் வைத்ததில், சின்ன வெடிப்பு விளிம்புவரை நீண்டுபோன தட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. இப்போது அதில் வீட்டுச் சாவிகள் கிடக்கின்றன.