அல்கெமி ஆஃப் சோல்ஸ் பார்த்தாச்சு: பார்ட் 1 தங்கம், பார்ட் 2-தான் பஞ்சாயத்து

அல்கெமி ஆஃப் சோல்ஸ்ங்கறது ரெண்டு பார்ட்டா வந்த கொரியன் ட்ராமா. முதல்லயே சொல்லிடறேன், இதுல கதையோட முடிவ உடைக்கற ஸ்பாய்லர் இருக்கு, கொஞ்சநஞ்சம் இல்ல, முழுக்க முழுக்க இருக்கு, அதனால இன்னும் பார்க்காதவங்க நெட்ஃபிளிக்ஸ்ல பார்ட் 1-ஐயாவது முடிச்சிட்டு வாங்க, அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

மார்க் கேட்டீங்கன்னா பார்ட் 1-க்கு அஞ்சுக்கு நாலரை, பார்ட் 2-க்கு மூணு, அந்த மூணும் ஹீரோ லீ ஜே-வூக்குக்காகத்தான் போடறேன். இந்த மார்க்குக்கே எங்க வீட்ல சண்ட. மக சொல்றா உங்களுக்கு கல்லு மனசும்மா, பார்ட் 2-தான் பெஸ்ட், நான் தலகாணி நனையற அளவுக்கு அழுதேன்னு. எங்கம்மாவுக்கு ரெண்டு பார்ட்டுமே சரியில்லையாம், ஆனா ஒரு எபிசோட் விடாம சோபாவுல சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தாங்க, நடுவுல யாராச்சும் பேசினா முறைப்பு வேற.

கதைய சுருக்கமா சொல்றேன். டேஹோன்னு ஒரு நாடு, பார்க்க பழைய கொரியா மாதிரியே இருக்கும் ஆனா எந்த வரலாற்றுப் புத்தகத்துலயும் கிடையாது, எழுதின ஹாங் சிஸ்டர்ஸ் தாங்களே உண்டாக்கின நாடு. அங்க நாக்சுன்னு ஒரு கொலகாரி, பேரக் கேட்டாலே மந்திரவாதிங்களுக்கு வயித்தக் கலக்கும். அடிபட்டு சாகப் போற நேரத்துல உயிர மட்டும் வேற உடம்புக்குள்ள மாத்திக்கறா, ஆனா அது அவ நினைச்ச உடம்புல போய் சேராம மூ-டொக்னு கண்ணு தெரியாத ஒரு நோஞ்சான் பொண்ணுக்குள்ள போயிடுது. பார்வ வந்துடுது, பலம் மட்டும் வரல. ஒரு வாள உருவக்கூட தெம்பில்ல. இந்த பக்கம் ஜாங் உக், பெரிய மந்திரவாதி வீட்டுப் பையன், ஆனா பொறந்த அன்னிக்கே அப்பன் அவனோட சக்தி வாசல மூடி வச்சிட்டான், யாரும் திறந்து விடமாட்டேங்கறாங்க. இவ கண்ணுல தெரியற நீல அடையாளத்த வச்சு இவ யாருன்னு அவன் கண்டுபிடிச்சிடறான். அப்புறம் என்ன, ஊருக்கு முன்னாடி எஜமானும் வேலைக்காரியும், கதவச் சாத்தினா குருவும் சிஷ்யனும், குரு யாருன்னா வேலைக்காரிதான். இந்த ஒரு செட்டப்ப வச்சே 20 எபிசோட் ஓட்டலாம், ஓட்டியும் இருக்காங்க, 2022 ஜூன்ல ஆரம்பிச்சு ஆகஸ்ட் கடைசி வரைக்கும் டிவிஎன் சேனல்ல வந்துச்சு.

பார்ட் 1 ஏன் பிடிச்சுச்சுன்னா அதுல மந்திரத்துக்கு ஒரு கணக்கு இருக்கு. தண்ணியோட சக்திய முதல்ல சேர்க்கணும், அப்புறம் ஓட விடணும், அப்புறம்தான் அடக்கி ஆளணும், படிப்படியா. ஹீரோ ஒரே பாட்டுல எல்லாத்தையும் கத்துக்கிட்டு வர்றது கிடையாது, ஒவ்வொரு படிக்கும் அடி வாங்கறான், விஷம் குடிக்கிற வரைக்கும் போறான். அதே மாதிரி உயிர் மாத்தற வித்தைக்கும் ஒரு விலை வச்சிருக்காங்க. உடம்பு மாறினவன் என்னிக்காச்சும் வெறி பிடிச்சு அடுத்தவங்க உயிர உறிஞ்ச ஆரம்பிப்பான், கடைசியில கல்லாப் போவான். முதல் எபிசோட்லேர்ந்து இத நம்ம கண்ணு முன்னாடி காட்டிக்கிட்டே இருக்கறதால, அவ சிரிக்கிற சீன்ல கூட இது எப்ப வெடிக்குமோன்னு நமக்குத்தான் பக்குபக்குனு இருக்கும். இன்னொரு ஆட்டமும் இருக்கு, ஆரம்பத்துலயே ராஜா ஒருத்தரு சாகப் பயந்து ஹீரோவோட அப்பா உடம்புல கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றாரு, அந்த கொஞ்ச நாள்ல பண்ண காரியத்தோட வினைதான் ஜாங் உக். அலமாக், குடும்ப ட்ராமான்னா இதுதான் குடும்ப ட்ராமா, நம்ம ராத்திரி சீரியல்காரங்க வந்து பாடம் எடுத்துக்கணும்.

20-வது எபிசோட்ல அந்த விலைய நிஜமாவே வசூல் பண்றாங்க. கல்யாணம் நெருங்கற நேரம், வில்லன் மணிய ஆட்டறான், இவ சுயநினைவு இல்லாம போய் கொல்றா, கடைசியில ஜாங் உக்கையே குத்திடறா, நினைவு வந்ததும் ஏரியில விழுந்து அப்படியே கல்லா மாறறா. மூ-டொக்கா வர்ற ஜுங் சோ-மின் அந்த சீன்ல ஒரு வார்த்த வசனம் பேசாம கண்ணுலயே நடிச்சிருக்கும் பாருங்க, எங்க வீட்ல ஃபேன் சத்தம் மட்டும்தான். மக எழுந்து ரூமுக்குப் போயிட்டா. எங்கம்மா மட்டும் "இவ பாவம் பண்ணினவதானே, எத்தன பேர வெட்டியிருக்கா, அப்ப தெரியலையா"ன்னாங்க, சொல்லிட்டு முந்தானையால கண்ணத் தொடச்சாங்க.

சரி, பஞ்சாயத்துக்கு வர்றேன். 2022 டிசம்பர்ல பார்ட் 2, வெறும் 10 எபிசோட், கதையில மூணு வருஷம் தாண்டியாச்சு, ஹீரோயின் வேற ஆளு. முதல் எபிசோட் ஆரம்பத்துல நாக்சுவா வந்த கோ யுன்-ஜுங் இப்ப முழுநேர ஹீரோயின். இதுக்கு ஜனங்க பண்ணின ரகளை கொஞ்சமா? எங்க பினாங்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி கேன்டீன்ல எங்க லைன்ல வேலை செய்ற மலாய் காக், அதாவது அக்கா, ஒருத்தங்க ஒரு வாரத்துக்கு இதையே பேசினாங்க, 20 எபிசோட் ஒரு முகத்த பார்த்துப் பழகி, அந்த முகத்தோடதான் சிரிச்சோம் அழுதோம், இப்ப வந்து இவதான் அவன்னு சொன்னா மனசு எப்படி ஏத்துக்கும்னு, நாசி லெமாக் சோத்துப் பொட்டலத்த பிரிக்காமலே பேசிட்டு பிரேக் முடிஞ்சு போயிட்டாங்க.

என்னைக் கேட்டா கதை நியாயப்படி இதுல ஓட்டையே இல்ல. உயிர் நாக்சுவோடது, உயிருக்குத் தகுந்த மாதிரி முகம் மாறிடுச்சுன்னு காரணம் சொல்றாங்க, அந்த முகத்த நமக்கு மொத சீன்லயே காட்டியும் இருக்காங்க, ஏமாத்தல. உடம்பு வேற உயிர் வேறன்னு 20 எபிசோடா சொல்லிக்குடுத்த கதை கடைசியில நம்மகிட்டயே பரீட்ச வைக்குது, நீ நேசிச்சது எதைன்னு. ஜாங் உக்குக்கும் அதே பரீட்சதான், முன்னாடி வந்து நிக்கறவ யாருன்னு தெரியாம கல்யாணம் பண்ணிக்கறான் பாருங்க. இந்த யோசனைக்கு நான் எழுந்து நின்னு கை தட்டுவேன். கோ யுன்-ஜுங்கும் நல்லாத்தான் நடிச்சிருக்கு, அந்த பொண்ணு மேல கோவப்பட்டு என்ன ஆகப் போகுது.

என் கோவம் எழுதினவங்க மேல. விலை விலைன்னு அவ்வளவு சொல்லிட்டு பார்ட் 2-ல எல்லாத்தையும் தள்ளுபடி பண்ணிட்டாங்க. கல்லாப் போனவ திரும்பி வர்றா, சரி, செத்தவங்களையே எழுப்பற ஐஸ் கல்லுன்னு ஒண்ணு கதையில இருக்கு, ஒத்துக்கலாம். பண்ணின கொலையெல்லாம் நினைவே இல்லாம வர்றா, அதுவும் சரி, நினைவு வர்றப்ப பெரிசா ஒண்ணு வெடிக்கும்னு காத்திருந்தா அரை எபிசோட் அழுகையோட முடிச்சிட்டாங்க. அவ கையால செத்தவங்க வீட்டுக்காரங்க எங்க? ஜாங் உக் பார்ட் 2 ஆரம்பத்துல இருக்கற இருப்பு எவ்வளவு பிரமாதம், உடம்புக்குள்ள அந்த கல்ல வச்சுக்கிட்டு சாகவும் முடியாம தூங்கவும் முடியாம, உடம்பு மாறினவங்கள வேட்டையாடிக்கிட்டு, ஊரே பேயப் பார்க்கற மாதிரி பார்க்குது. அந்த ஆள வச்சு 20 எபிசோட் பண்ணியிருக்கணும். 10-ல அடைச்சதால கடைசி ரெண்டு எபிசோடும் கல்யாண பந்தியில கடைசி வரிசைக்கு பரிமாறின மாதிரி ஆயிடுச்சு, இலையில எல்லாம் விழுந்துச்சு ஆனா எதையும் ருசிச்சு சாப்பிட நேரமில்ல. நெருப்புப் பறவைன்னு ஒண்ணு வருது, அத பத்தி பேச வேணாம், கிராஃபிக்ஸ்காரங்களும் பாவம்.

இங்கதான் எங்கம்மா சொன்னத சொல்லணும். அவங்க முதல் நாளே "இது நம்ம கூடு விட்டு கூடு பாயறதுதானே, இத எப்ப இவனுங்க கத்துக்கிட்டானுங்க"ன்னு ஆரம்பிச்சவங்க. எபிசோட் போகப் போக திருமூலர் கதைக்குப் போயிட்டாங்க. சாத்தனூர்ல மூலன்னு ஒரு மாடு மேய்க்கறவன் செத்துக் கெடக்கான், மாடெல்லாம் சுத்தி நின்னு கதறுது, மோந்து மோந்து பார்க்குது, அந்த வழியா வந்த சிவயோகி மாடுங்க துக்கத்த தாங்க முடியாம அந்த உடம்புல போய் நுழையறாரு, சாயங்காலம் மாடு வீட்டுக்குப் போயிடுச்சு, ஆனா மூலனோட பொண்டாட்டி வந்து நிக்கறாளே, அவகிட்ட என்ன சொல்றது? உனக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு சொல்லிட்டு மடத்துக்குப் போயிடறாரு, அவ ராத்திரி முழுக்க தூங்காம காலையில ஊர்ப் பெரியவங்கள கூட்டிட்டு வர்றா. பெரியபுராணத்துல இருக்கு. அவரு வேணும்னு பண்ணல, கருணையாலதான் பண்ணினாரு, அப்படியும் ஒருத்திக்கு வீடு போச்சு. திரும்பி வந்து பார்த்தா அவரோட சொந்த உடம்பும் வச்ச எடத்துல இல்ல. எங்கம்மா இத சொல்லி முடிச்சிட்டு டிவியப் பார்த்து கேட்டாங்க, "அது சரி, இந்த உடம்புக்கு சொந்தக்காரப் பொண்ணு எங்கடி போனா?" அப்ப நாங்க பார்ட் 1-ல பாதிகூட தாண்டல. நானும் மகளும் ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கிட்டோம், நாங்க அந்த பக்கமே யோசிக்கல, ஜோடி சேருமா சேராதாங்கற கவலையிலயே இருந்தோம்.

நெஜ வரலாற்ற தொட்டு எடுக்கற ட்ராமாவுக்கு இந்த தள்ளுபடி பண்ற சௌகரியம் கெடையாது, அதான் அதெல்லாம் பார்க்கறவங்கள வேற மாதிரி அடிக்குது. 2016-ல வந்த மூன் லவ்வர்ஸ் எடுத்துக்குங்க, இந்தக் காலத்துப் பொண்ணு கொரியாவோட பழைய கொர்யோ ராஜாங்க காலத்துக்குப் போய் விழுறா, அவ விரும்பற இளவரசன்தான் பின்னாடி க்வாங்ஜோங் ராஜா, அவன் சிம்மாசனத்துல உட்கார்ந்தே ஆகணும், வரலாறு அப்படி, அதனால அந்த ஜோடி சேர வழியே இல்ல. முடிவப் பார்த்துட்டு ஜனங்க இன்னிக்கு வரைக்கும் சீசன் 2 எங்கன்னு கேட்டுக்கிட்டு இருக்காங்க. மக அந்த லிஸ்ட்ல இருக்கா. நெட்ஃபிளிக்ஸோட கிங்டம் 2019-ல வந்தப்ப சீசனுக்கு 6 எபிசோட்தான், கொர்யோவுக்கு அப்புறம் வந்த ஜோசோன் ராஜாங்க காலம், பொணம் எழுந்து ஓடி வருது, ஆனா அது பரவறதே பட்டினியாலதான், தின்ன ஒண்ணுமில்லாத நோயாளிங்க என்ன கறின்னு தெரியாம சூப்பு குடிச்சிட்டு மாறிப் போறாங்க. பயத்த விட வயிறுதான் பிசைஞ்சுச்சு எனக்கு. டேஹோவுக்கு வரலாறும் இல்ல பஞ்சமும் இல்ல, எழுதறவங்கள யாரும் புடிச்சு நிறுத்தல, அதனால செல்லம் குடுத்துட்டாங்க.

எங்க ஃபேக்டரியில க்யூசி, அதாவது தரம் பார்க்கற வேலையில இருக்கற சீன அக்கா இதுக்கெல்லாம் சிரிப்பாங்க, நீங்கள்லாம் 30 எபிசோட்டுக்கே இப்படி பேசறீங்க, நான் 2017-ல எடர்னல் லவ் 58 எபிசோட் பார்த்தவன்னு. அதுல ஒரே ஹீரோயினுக்கு மூணு பிறவி மாதிரி வாழ்க்க, நடுவுல கண்ணையே எடுத்துடறாங்க. சீன தேவலோக ட்ராமா பார்க்கறவங்க பொறுமையே வேற, முதல் 10 எபிசோட் அறுவையா இருந்தாலும் பரவால்ல, 30-க்கு மேல அழ வச்சா போதும்பாங்க. 2020-ல அங்க அரசாங்கமே 40 எபிசோட்டுக்கு மேல இழுக்காதீங்கன்னு சொன்னதுக்கப்புறம் நீளம் குறைஞ்சுச்சு. சீன அக்கா சொன்னதால லவ் பிட்வீன் ஃபேரி அண்ட் டெவில் பார்த்தேன், 36 எபிசோட், அதுலயும் உடம்பு மாறுது, ஆனா அங்க அது காமெடிக்குத்தான், பயங்கரமான அசுர ராஜா அழுமூஞ்சி தேவதை உடம்புல மாட்டிக்கிட்டு படற பாடு இருக்கே, அது வேற ரகம் லா, தனியா எழுதறேன்.

துணை ஆளுங்க எல்லாம் அல்கெமில அருமை. பார்க் ஜின் மாமாவும் கிம் டோ-ஜு அம்மாவும் பண்ற நடுத்தர வயசு காதல் எனக்கு மெயின் ஜோடிய விட பிடிச்சுச்சு. பட்டத்து இளவரசன் முதல்ல எரிச்சல், கடைசியில எல்லாரோட செல்லம். சொ யூல் பாவம், காலேஜ் பசங்க மொழியில சொன்னா செகண்ட் ஹீரோ சிண்ட்ரோம், அதாவது ஹீரோயின் கெடைக்காத ரெண்டாவது ஹீரோ மேல உருகறது, மக ஃபோன் வால்பேப்பர் அவன்தான், அதுக்கு மேல நான் பேசினா வீட்ல சோறு கெடைக்காது.

எங்கம்மா கேட்ட கேள்விக்கு பார்ட் 2-ல பதில் வருது, அதான் எனக்கு இன்னும் ஆத்தாமையா இருக்கு. அந்த உடம்போட சொந்தக்காரி ஜின் பூ-யோன், சின்ன வயசுல தொலைஞ்ச பெரிய வீட்டுப் பொண்ணு, உடம்புக்குள்ளயே எங்கயோ இருந்திருக்கா, எல்லாம் தெரிஞ்சவ, கடைசியில நாக்சு வாழட்டும்னு வழி விட்டுட்டுப் போயிடறா. பெத்தவ இத்தன வருஷம் தேடின பொண்ணு. அவளுக்குன்னு ஒரு ஆசை, ஒரு கோவம், எதுவும் எழுதல, வந்தா, சிரிச்சா, போயிட்டா. ஊர்ல இருக்கற எல்லாரோட நல்ல முடிவுக்கும் அவ ஒருத்திதான் காசு கட்டியிருக்கா, அந்த பொண்ணுக்கு ஒரே ஒரு முழு எபிசோட் குடுத்திருந்தா நான் பார்ட் 2-க்கும் நாலு போட்டிருப்பேன், ஜாங் உக்கோட ஃப்ரெண்ட் டாங்-கு ஜோடி சண்ட போட்டு சமாதானம் ஆகறதுக்கெல்லாம் நேரம் இருந்துச்சே இவங்களுக்கு.