ஜூனியர் ஹெல்மெட்: பெரியவர்களின் பந்தைத் தாங்குமா?

கடினப்பந்துக் கிரிக்கெட் அணிக்கு ஆள் குறைந்தால் 13, 14 வயதுப் பொடியன்களையும் சேர்த்துக்கொள்ளும் கழகங்கள் திருகோணமலையிலும் உண்டு. அந்தப் பொடியனின் தலையில் ஏறுவது கழகப் பைக்குள் கிடக்கும் பெரியவரின் ஹெல்மெட். ஓடும்போது அது கண்ணுக்கு மேல் சரிகிறது. அதற்குப் பதிலாகப் பின்பக்கச் சக்கரத்தைத் திருகி இறுக்கும், முகத்துக்கு முன்னால் எஃகுக் கம்பிக் கிரில் வைத்த ஜூனியர் ஹெல்மெட்டை வாங்குவது நல்ல முடிவு. ஆனால் கடையில் லேபிளை வாசிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

உள்ளே பி.எஸ். 7928:2013 என்ற பிரித்தானியத் தரக்குறி இருக்கவேண்டும். அது எந்தப் பந்தால் சோதிக்கப்பட்டது என்ற வரிதான் அதைவிட முக்கியம். ஆண்கள் பந்து 156 முதல் 163 கிராம். 13 வயதுக்குட்பட்டோரின் பந்து 133 முதல் 144 கிராம், சுற்றளவும் குறைவு. சின்னப் பந்தால் மட்டும் சோதித்த ஹெல்மெட்டில் பாரமான பந்து பட்டால் கிரில் வளைந்து முகத்தில் இடிக்கலாம். பெரிய பந்தால் மட்டும் சோதித்ததில், முன்விளிம்புக்கும் கிரிலுக்கும் இடையால் சின்னப் பந்து உள்ளே புகலாம். பாடசாலையில் ஒன்று, கழகத்தில் மற்றது என்று ஆடுகிற பிள்ளைக்கு இரண்டாலும் சோதித்ததே வேண்டும். பெட்டியில் 'ஜூனியர்' என்று போட்டிருப்பது இதற்கு உத்தரவாதம் அல்ல.

அளவு பார்க்கும்போது புருவத்துக்குச் சற்று மேலே நாடாவைச் சுற்றி அளந்துகொண்டு போங்கள். போட்டபின் நாடிப்பட்டியைப் பூட்டாமலே தலையை ஆட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட் தனியாக ஆடினால் அது பெரிது. அடுத்த வருடத்துக்கும் உதவும் என்று ஒரு அளவு கூட்டி வாங்குவதுதான் பெற்றோர் அதிகம் விடும் பிழை. கழுத்துக் காப்பு அதே ஹெல்மெட் மாடலுக்குரியதா என்று கேளுங்கள். வேறு கம்பனியின் கிரிலை மாட்டினால் தரக்குறிக்கு அர்த்தமில்லை.

நம் ஊரில் உப்புக்காற்று கிரில் திருகுகளைத் துருவேற்றும். ஆட்டம் முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் பூட்டிய வாகனத்துக்குள் விடவே கூடாது. பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெடிப்புத் தெரியாவிட்டாலும், திரும்பப் போடத் தகுந்ததல்ல.

இத்தனையும் சரியாக இருந்தாலும் ஹெல்மெட் செய்யமுடியாத வேலை ஒன்று உண்டு. "ஹெல்மெட் போட்டிருக்கிறான்தானே" என்று பொடியனைத் துடுப்பாட்ட வீரரின் மூக்குக்கு முன்னால் நிறுத்தும் தலைவரை அது தடுக்காது. இங்கிலாந்து கிரிக்கெட் சபையின் விதி இதில் தெளிவானது: 13 வயதுப் பிரிவும் அதற்குக் கீழும் நடு ஸ்டம்பிலிருந்து 10 மீட்டருக்குள்ளும், 15 வயதுப் பிரிவு வரை 7.3 மீட்டருக்குள்ளும் களத்தடுப்புக்கு நிற்கக்கூடாது. ஓஃப் பக்கம் விக்கெட்டுக்குப் பின்னால் நிற்பவருக்கு மட்டும் விலக்கு. ஹெல்மெட் போட்டிருந்தாலும் தூரம் குறையாது, பிள்ளை உள்ளே வந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தவேண்டும். 18 வயதுக்குட்பட்ட எவரும் துடுப்பாடும்போதும், விக்கெட் காப்பாளராக ஸ்டம்புக்கு அருகில் நிற்கும்போதும் ஹெல்மெட் கட்டாயம்.

இதை நம் கழகங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், செலவே இல்லை. அணிப் பட்டியலில் பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் வயதுப் பிரிவை எழுதி, நாணயச் சுழற்சிக்கு முன்பே நடுவரிடம் கொடுத்துவிடுங்கள்.