ரிச்சர்ட் பிரையரை எந்தப் படத்தில் பார்ப்பது?

தனியாளாக மேடையில் நின்று பேசிச் சிரிக்கவைக்கும் ‘ஸ்டாண்ட்-அப்’ கலையில் பேர்பெற்ற கறுப்பின அமெரிக்கர் ரிச்சர்ட் பிரையர். அவரை இதுவரை பார்க்காதவர்கள் 1979இல் வெளிவந்த ‘லைவ் இன் கான்சர்ட்’டில் தொடங்குங்கள். 78 நிமிடம். 1978 டிசம்பரில், கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில், சுமார் 3,000 பேர் அமரக்கூடிய டெரஸ் தியேட்டரில் எடுத்தது. இயக்கம் ஜெஃப் மார்கோலிஸ். மேடையில் சிவப்புச் சட்டை போட்ட ஒரு மனிதரும் ஒரு மைக்கும்தான். இடைவேளை முடிந்து ஆட்கள் இருக்கை தேடிக்கொண்டிருக்கும்போதே வந்து பேச ஆரம்பித்துவிடுகிறார். அந்தச் சலசலப்பையே முதல் சிரிப்பாக்கிவிடுகிறார்.

கதையைச் சொல்லும்போது பிரையரின் உடம்பு என்னென்ன ஆகிறதோ, சிரிப்பு அங்கேதான் இருக்கிறது. அதனால் அவரைப் படம் பிடிப்பவர் முதலில் செய்யவேண்டியது, தலை முதல் கால் வரை ஆளை முழுசாகக் காட்டுவது. இந்தப் படம் முக்கியமான இடங்களில் அதைச் செய்கிறது.

மாரடைப்புப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1977இல் அவருக்கு நிஜமாகவே வந்தது அது. ஒரு கையில் மைக், இன்னொரு கையை முஷ்டியாக்கி மார்பில் வைத்துத் திருகுகிறார். இதயமே அவரை மிரட்டுகிறது: மூச்சு விடாதே என்கிறது, பன்றிக்கறியை அள்ளித் தின்றபோது இந்த யோசனை எங்கே போயிற்று என்று கேட்கிறது. அடியாளின் அதட்டலும் அடிபடுகிறவனின் கெஞ்சலும் ஒரே தொண்டையிலிருந்து மாறி மாறி வருகின்றன. ஒரு முழங்கால் மடங்குகிறது, பிறகு மல்லாந்து தரையில் கிடக்கிறார். முகத்தை மட்டும் காட்டியிருந்தால் அந்த வீழ்ச்சியே நமக்குக் கிடைத்திருக்காது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே, செத்துக்கொண்டிருக்கும் ஒருவனைப் பார்க்கிறோம் என்பது உறைக்கிறது. ஸ்டாண்ட்-அப்பில் இதைவிட உயர்ந்த சில நிமிடங்களை நான் பார்த்ததில்லை.

விலங்குகளாக மாறும் இடங்களும் அப்படித்தான். வளர்த்த குரங்குகள் செத்துப்போன துக்கத்தில் இருப்பவருக்கு, தினமும் துரத்தும் பக்கத்து வீட்டு நாய் வேலி தாண்டி வந்து ஆறுதல் சொல்கிறது. தண்ணீர் குடிக்கும் மான் சத்தம் கேட்டு நிமிரும்போது கழுத்தும் கண்ணும் மட்டும் வேலை செய்கின்றன. பாட்டியிடம் அடிவாங்க, குச்சியை மரத்திலிருந்து தானே ஒடித்துவர வேண்டிய சிறுவனின் நடையைக் கவனியுங்கள். புளியம் விளாறு பட்டு வளர்ந்த யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. குறையும் உண்டு. படுக்கையறைப் பேச்சு இன்று பழசாகத் தெரிகிறது, இழுக்கவும் செய்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால், 1978இல் வந்த ‘வாண்டட்’ என்ற இரட்டை இசைத்தட்டைக் கேளுங்கள். இதே சரக்குதான் பெரும்பாலும். குரல்கள் அப்படியே இருக்கின்றன. ஆனால் அரங்கம் திடீரென்று வெடிக்கிற சில இடங்களில் ஏன் சிரிக்கிறார்கள் என்றே தெரியாது. அங்கெல்லாம் உடம்பு எதையோ செய்திருக்கிறது.

அடுத்தது 1982இன் ‘லைவ் ஆன் தி சன்செட் ஸ்ட்ரிப்’. 1980 ஜூனில் தீயில் வெந்து பிழைத்து வந்த பிறகு, ஹாலிவுட் பலேடியம் அரங்கில் எடுத்தது. ஒளிப்பதிவு ஹாஸ்கல் வெக்ஸ்லர் என்பதால் அழகு கூடியிருக்கிறது, வேகம் குறைந்திருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் எடுத்து ஒட்டியதால், சூடு ஏறி வரும்போது சட்டென்று தணிகிறது. ஆனால் இரண்டு இடங்களுக்காகக் கட்டாயம் பார்க்க வேண்டும். கோகெய்ன் புகைக்கும் குழாய் அவரோடு பேசுவது ஒன்று; மிரட்டாமல், நண்பனைப்போல மெதுவாகப் பேசுகிறது, அதனால்தான் அச்சமாக இருக்கிறது. இதற்கு முகமும் குரலும் போதும். மற்றது ஆப்பிரிக்கா போய்வந்த கதை. கறுப்பர்களை இழிவுபடுத்தும் அந்தச் சொல்லைத் தன் இசைத்தட்டுகளின் தலைப்பிலேயே வைத்தவர், இனி அதைச் சொல்லப்போவதில்லை என்கிறார். முந்தைய படத்தில் அது எத்தனை முறை வந்தது என்று கேட்டுவிட்டு இங்கே வந்தால்தான் இந்த முடிவின் கனம் புரியும். வரிசையை மாற்றாதீர்கள் என்று சொல்வது இதற்காகவும்தான்.

1983இன் ‘ஹியர் அண்ட் நவ்’ நியூ ஆர்லியன்ஸில் எடுத்தது, இயக்கமும் அவரே. கூட்டம் கத்திக் குறுக்கிட்டுக்கொண்டே இருப்பதால் நிகழ்ச்சி சிதறுகிறது. ரசிகர்களுக்கு மட்டும். 1971இல் நியூயார்க்கின் இம்ப்ரவ் நகைச்சுவை கிளப்பில் எடுத்து 1985இல் வெளியான ‘லைவ் அண்ட் ஸ்மோக்கின்’ கடைசியாகப் பார்க்க வேண்டியது. சிகரெட்டும் பதற்றமுமாக, தன் குரலைத் தேடிக்கொண்டிருக்கும் பிரையர் அதில் இருக்கிறார். எங்கே போய்ச் சேர்ந்தார் என்று தெரிந்தபின் பார்த்தால்தான் அது சுவைக்கும்.

ஒரு பழக்கம் உதவும். அவர் ஒரே மூச்சில் மூன்று பேராகப் பேசுவார். ஆங்கில சப்டைட்டிலில் யார் பேசுகிறார் என்பது தெரியாது, கண்ணும் கீழேயே நின்றுவிடும். முதல் தடவை எழுத்து இல்லாமல் பாருங்கள், சில சொற்கள் தவறினாலும் பரவாயில்லை. இரண்டாம் தடவை சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளலாம். ஹெட்ஃபோன் நல்லது, பாலியல் பேச்சும் வசையும் நிறைய, பிள்ளைகள் இருக்கும் கூடத்தில் வேண்டாம்.