முட்டி வலிக்கு டாப் லோடா, தோள் வலிக்கு ஃப்ரண்ட் லோடா?

அறுபது தாண்டியவர்கள் வாஷிங் மெஷின் வாங்கப் போனால் கடைப் பையன் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "வயசானவங்கன்னா டாப் லோடு எடுங்க சார், குனிய வேண்டாம். துணி நல்லா வெளுக்கணும்னா ஃப்ரண்ட் லோடு." மேலே மூடி திறப்பது டாப் லோடு, முன்பக்கம் கதவு திறப்பது ஃப்ரண்ட் லோடு. இரண்டாவது வாக்கியத்தில் எனக்குச் சண்டையில்லை. முதல் வாக்கியம் பாதிதான் சரி.

டாப் லோடில் துணியைப் போடும்போது குனிய வேண்டாம். எடுக்கும்போது? எங்கள் சித்தி ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. அவர் வீட்டில் இருப்பது எட்டு கிலோ டாப் லோடு. துவைத்து முடிந்ததும் மேலே கிடக்கும் புடவை, துண்டு எல்லாம் சுலபமாக வந்துவிடும். அடியில் சுவரோடு ஒட்டிக்கொண்ட பனியனையும் கைக்குட்டையையும் எடுக்கத்தான் பாடு. மெஷின் விளிம்பில் வயிறு அழுந்த, குதிகாலைத் தூக்கி, ஒரு கையை அக்குள் வரை உள்ளே விட்டுத் துழாவுவார். ஈரப் புடவை வேட்டியோடு முறுக்கிக்கொண்டிருந்தால் அதே நிலையில் இழுக்கவும் வேண்டும். முதுகெலும்பு பலவீனமானவர்கள் செய்யவே கூடாதது இந்த வேலைதான்: எக்கி, குனிந்து, திரும்பி, பாரம் இழுப்பது. சிலர் மெஷினுக்கு முன்னால் ஒரு சின்ன முக்காலி போட்டு ஏறி நிற்கிறார்கள். ஈரத் தரையில் அதைப் போல ஆபத்து வேறில்லை.

ஃப்ரண்ட் லோடின் பிரச்சினை எல்லோருக்கும் தெரிந்தது. மெஷின் சுமார் 85 சென்டிமீட்டர் உயரம். கதவின் கீழ் விளிம்பு ஏறக்குறைய முட்டி உயரத்தில். தரையில் வைத்தால் குந்த வேண்டும், அல்லது இடுப்பை மடக்க வேண்டும். முட்டித் தேய்மானம் உள்ளவருக்குக் குந்துவது நரகம். முட்டி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவரை மருத்துவரே குந்தாதீர்கள் என்றுதான் சொல்லி அனுப்புகிறார். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் குனிந்து சட்டென்று நிமிர்ந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும்.

ஆனால் இந்தக் குறைக்கு வழி இருக்கிறது. டாப் லோடின் ஆழத்துக்கு முழுசாக வழி இல்லை. எனக்கு இந்த ஒப்பீட்டில் முக்கியமாகப் பட்டது இதுதான். ஃப்ரண்ட் லோடை உயர்த்தி வைக்கலாம். இல்லையென்றால் நாம் உட்கார்ந்துகொள்ளலாம். கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலியைக் கதவுக்கு எதிரே போட்டு, கூடையை மடியிலோ பக்கத்திலோ வைத்துக்கொண்டால், துணிகள் கைக்கெட்டும் தூரத்தில் படுத்துக் கிடக்கும். எக்க வேண்டியதும் இல்லை, தூக்க வேண்டியதும் இல்லை, இழுத்தால் போதும். தோள்பட்டை இறுகிப்போனவர்களுக்கு, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளிடம் இது அதிகம், டாப் லோடில் கையை இறக்கித் தூக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

உயர்த்துவதென்றால் கடையில் விற்கும் சக்கரம் வைத்த ஸ்டாண்டு வேண்டாம். ஃப்ரண்ட் லோடு நிமிடத்துக்கு 1000 முதல் 1400 சுற்று வரை சுழல்வது. ஆடாமல் இருக்கத்தான் உள்ளே கான்கிரீட் கட்டியே வைத்திருக்கிறார்கள்; மெஷின் அறுபது எழுபது கிலோ கனப்பது அதனால். அதைச் சக்கரத்தின் மேல் ஏற்றினால் பிழியும் நேரத்தில் நடக்க ஆரம்பித்துவிடும். கொத்தனாரைக் கூப்பிட்டு ஓரடி உயரத்துக்கு ஒரு திண்டு கட்டச் சொல்லுங்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்து, மெஷினைவிட நாலு பக்கமும் இரண்டு மூன்று அங்குலம் அகலமாக, முன் விளிம்பில் ஒரு சின்ன வரம்போடு. காலுக்கு அடியில் ரப்பர் பேட். தண்ணீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் அந்த உயரத்துக்கு ஏற்ப முன்னாலேயே மாற்றிக்கொள்ள வேண்டும், பிறகு செய்தால் சுவரை உடைக்கும் செலவு. திண்டில் ஏறிவிட்டால் கதவு இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரும். பொத்தான்கள் நெஞ்சு உயரத்துக்கு வரும், கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றபடியே படிக்கலாம். மெஷினின் அடியில் உள்ள ஃபில்டரைத் திறக்கத் தரையில் படுக்க வேண்டியதில்லை.

அந்த ஃபில்டரைப் பற்றிக் கடையில் யாரும் வாய் திறப்பதில்லை. ஃப்ரண்ட் லோடின் கீழ் மூலையில் ஒரு சின்ன மூடிக்குள் அது இருக்கும். சில்லறைக் காசு, ஊக்கு, நூல் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். மாதம் ஒருமுறையாவது திருகிக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். கழற்றும்போது மிச்சத் தண்ணீர் கொட்டும், தட்டம் வைத்துப் பிடிக்க வேண்டும். விரல் மூட்டு வலி உள்ளவருக்கு அந்தத் திருகு இறுக்கமாக இருக்கும். கதவைச் சுற்றியுள்ள ரப்பரின் மடிப்பையும் ஒவ்வொரு முறையும் துடைத்து, கதவைச் சற்றுத் திறந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்து நாறும். டாப் லோடில் இந்தத் தொல்லை குறைவு. பஞ்சு சேரும் வலைப்பை தொட்டிக்குள்ளேயே மேலாக இருக்கும், உருவி உதறினால் ஆயிற்று.

கதவுப் பூட்டும் கவனிக்க வேண்டியது. ஃப்ரண்ட் லோடு நின்றவுடன் கதவு திறக்காது. பல மெஷின்களில் பூட்டின் உள்ளே சூடாகும் சின்னச் சில்லு ஒன்று இருக்கும், அது ஆறினால்தான் கொக்கி விடும். ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். பொறுமையில்லாத தாத்தாக்கள் பிடித்து இழுத்துக் கைப்பிடியை உடைப்பது வழக்கம்.

சரி, இனி தண்ணீர். டாப் லோடு ஒரு தடவைக்கு நூறு லிட்டரைச் சுலபமாகத் தாண்டும். ஃப்ரண்ட் லோடு அதில் ஏறக்குறைய பாதியில் முடிக்கும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரிக்குக் காத்திருந்த சென்னைக்காரருக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மாதிரி நாட்களில் டாப் லோடுக்கு ஒரு சலுகை உண்டு: குழாயில் வராவிட்டால் வாளியில் கொண்டுவந்து ஊற்றி ஓட்டிவிடலாம். ஃப்ரண்ட் லோடில் அது நடக்காது. ஆனால் எழுபது வயதில் வாளி தூக்கி ஊற்றுவது யார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி மாடியில் இருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மாடித் தொட்டி தலைக்கு மேலேயே இருந்தால் குழாயில் அழுத்தம் போதாமல் ஃப்ரண்ட் லோடு பிழை காட்டி நின்றுவிடும். பிரஷர் பம்ப் செலவையும் சேர்த்துத்தான் விலை போட வேண்டும்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஃப்ரண்ட் லோடின் ஹீட்டரில் சுண்ணாம்பு படியும். கடையில் கிடைக்கும் டீஸ்கேலிங் பொடி போட்டு அவ்வப்போது காலி மெஷினைச் சுடுநீரில் ஓட்ட வேண்டும். சோப்பும் குறைந்த நுரை வகைதான், அதுவும் அளவாக. கைப்பிடி கைப்பிடியாகப் பொடி கொட்டிப் பழகிய அம்மாக்களுக்கு டாப் லோடு பெரிதாக முரண்டு பிடிக்காது. ஃப்ரண்ட் லோடு நுரை கக்கிவிட்டு நின்றுவிடும்.

அந்த ஹீட்டருக்காகவே ஃப்ரண்ட் லோடு வாங்க வேண்டிய வீடுகளும் உண்டு. படுக்கையில் கிடக்கும் பெரியவர் இருந்தால் தினமும் விரிப்பு, துண்டு, லுங்கி என்று குவியும். 60 டிகிரியில் துவைத்தால்தான் வாடை போகும். சில டாப் லோடுகளிலும் இப்போது ஹீட்டர் வருகிறது, விலை ஏறும். பார்த்துக்கொள்பவரே அறுபதைத் தாண்டிய மனைவி என்றால், வெந்நீர் வைத்து ஊறவைக்கும் வேலை மிச்சமாவது பெரிய விஷயம்.

அப்புறம் மொட்டை மாடி. மெஷினுக்கு முன்னால் குனிவதைவிட, ஈரத்துணி வாளியோடு படியேறுவதுதான் உண்மையில் பயம். ஃப்ரண்ட் லோடு 1200 சுற்றில் பிழிந்த பருத்தித் துணியில் அதன் எடையில் ஏறக்குறைய பாதி அளவு தண்ணீர் நிற்கும். டாப் லோடின் 700 சுற்றில் முக்கால் அளவு. ஐந்து கிலோ துணிக்கு ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். அதைவிட முக்கியம், நன்றாகப் பிழிந்த துணி மழை நாளில்கூட பால்கனியிலேயே காய்ந்துவிடும். கயிறு இழுத்தால் இறங்கி வரும் சீலிங் கொடி ஒன்று மாட்டிவிட்டால் மாடிக்கே போக வேண்டாம்.

செமி ஆட்டோமேட்டிக்கை இந்தப் போட்டியிலேயே சேர்க்க மாட்டேன். தண்ணீர் சொட்டும் துணியை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பது வயதானவர் வேலையல்ல. வேலைக்கு வரும் அக்கா துவைப்பதாக இருந்தால் மட்டும் சரி.

ஆக, யாருக்கு எது? ஆள் ஐந்தரை அடிக்கு மேல், தோளும் முதுகும் நன்றாக இருக்கின்றன, முட்டி மட்டும் தகராறு, திண்டு கட்ட இடமில்லை, வாடகை வீடு என்றால் டாப் லோடு. அதிலும் ஆறரை, ஏழு கிலோ, ஆழம் குறைந்தது. சின்னத் துணிகளை வலைப்பையில் போட்டுத் துவைத்தால் அடியில் துழாவ வேண்டாம். ஆள் குட்டை, அல்லது தோள் வலி, முதுகு வலி, அல்லது படுக்கை நோயாளி இருக்கும் சொந்த வீடு என்றால் ஃப்ரண்ட் லோடு, திண்டோடு. ஏழு கிலோவுக்கு விலை எட்டாயிரம் பத்தாயிரம் கூடுதலாகும்தான்.

கடைக்குப் போகும்போது மெஷினை ஓட்டப்போகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், மகன் மட்டும் போய் வாங்கி வருவது வேண்டாம். ஒரு குளியல் துண்டை எடுத்துப்போய், டாப் லோடின் அடியில் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஃப்ரண்ட் லோடுக்கு எதிரே கடையிலேயே ஒரு நாற்காலி கேட்டு உட்கார்ந்து எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் மெஷின் பொருத்த வரும் ஆளை ஃபில்டரைக் கழற்றிக் காட்டிவிட்டு, அதை அம்மா கையாலும் ஒருமுறை கழற்ற வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். அவரால் திருக முடியவில்லை என்றால் அந்த வேலைக்கு மாதம் ஒருமுறை யார் வருவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிடலாம்.